49–0: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: பழைய அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (ரக்பியைப் போல பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) சீசன்களின் முடிவுகளை எக்செல்லில் தொகுத்து வருகிறேன். 1901 சீசனில் மிச்சிகன் அணி ஸ்டான்ஃபோர்டை 49–0 என்று வென்றிருக்கிறது. டச் டவுனுக்கு (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது) 6, அதையடுத்த உதைக்கு 1 என்று வைத்தால் ஏழு டச் டவுன். கச்சிதமாக 49 வருகிறது. ஆனால் ஆட்ட விவரத்தில் எட்டு டச் டவுன் என்று இருக்கிறதே, எதை எடுத்துக்கொள்வது?

பதில்: எட்டுதான் சரி. இன்றைய புள்ளிமுறையை வைத்துப் பார்த்ததால்தான் இந்தக் குழப்பம். அந்தச் சீசனில் டச் டவுனுக்கு 5 புள்ளி, அடுத்த உதைக்கு 1, ஆட்டத்தின் நடுவே பந்தைக் கோல் போஸ்டுக்குள் உதைக்கும் ஃபீல்டு கோலுக்கும் 5. இப்போது கூட்டிப் பாருங்கள். எட்டு டச் டவுனுக்கு 40, உள்ளே போன நான்கு உதைகளுக்கு 4, ஒரு ஃபீல்டு கோலுக்கு 5. ஆக 49. எட்டில் ஐந்து டச் டவுன் நீல் ஸ்னோ என்ற ஒரே ஆட்டக்காரர் போட்டவை.

எட்டு உதையில் நான்குதான் உள்ளே போனதா என்று தோன்றலாம். இன்று அந்த உதை கோல் போஸ்டுக்கு எதிரே நின்று அடிப்பது. அன்று பந்தைத் தரையில் வைத்த இடத்துக்கு நேர் பின்னால் வந்து உதைக்க வேண்டும், ரக்பியில் இன்றும் செய்வதுபோல. ஓரமாக ஓடிப்போய் டச் டவுன் போட்டால் கோணம் குறுகிவிடும். நல்ல உதைகாரருக்கே தவறும்.

உங்கள் அட்டவணையில் ஆண்டுவாரியாகப் புள்ளி மதிப்புக்கு ஒரு தனிப் பத்தி சேருங்கள். டச் டவுன் 1898 முதல் 1911 வரை 5, 1912-லிருந்து 6. ஃபீல்டு கோல் 1903 வரை 5, 1904 முதல் 4, 1909 முதல் 3. எதிரணியை அதன் சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கினால் கிடைக்கும் சேஃப்டிக்கு அன்றும் இன்றும் 2தான். பழைய ஸ்கோரை இன்றைய மதிப்புக்கு மாற்றி எழுத வேண்டாம். ஆட்டத்தின் முழு விவரம் கையில் இல்லாமல் அது வெறும் ஊகமாகிவிடும்.

இன்னொரு இடத்திலும் கவனம் தேவை. இந்த ஆட்டம் பாசடீனாவில் நடந்தது 1902 ஜனவரி 1 அன்று. ஆனாலும் 1901 சீசன் கணக்கில்தான் சேரும். பின்னாளில் ரோஸ் பவுல் என்று பெயர் பெற்ற போட்டியின் முதல் ஆட்டம் இது. எட்டு நிமிடம் மீதமிருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு போதும் என்று சொல்லிவிட்டது. மிச்சிகனின் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட், அதற்கு முந்தைய ஆண்டு அதே ஸ்டான்ஃபோர்டுக்குப் பயிற்சி கொடுத்தவர்! அடுத்த ரோஸ் பவுல் ஆட்டம் நடக்க 1916 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அங்கே ரதப் பந்தயமெல்லாம் நடத்திப் பார்த்தார்கள்.

அந்தச் சீசன் முழுக்க மிச்சிகன் ஆடியது 11 ஆட்டம், அடித்தது 550 புள்ளி, விட்டுக்கொடுத்தது 0. பஃபலோவை 128–0 என்று வென்றதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான 21–0, சிகாகோவுக்கு எதிரான 22–0 இரண்டும் அதைவிடப் பெரிதாகப் படுகின்றன. முன்னோக்கிப் பந்தை எறியும் ஃபார்வர்டு பாஸுக்கு 1906-ல்தான் அனுமதி கிடைத்தது. 1901-ல் மூன்று முயற்சியில் 5 கஜம் முன்னேறினால் போதும், பந்து உங்கள் கையிலேயே இருக்கும். அந்த விதியில் பலமான அணி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே கோல் கோட்டைத் தொட்டுவிடலாம். அப்படியிருந்தும் யாரையும் ஒருமுறைகூட உள்ளே விடவில்லை என்பதுதான் மலைப்பு.

1905-க்கு வரும்போது கடைசி வரியில் சிகாகோ 2, மிச்சிகன் 0 என்று இருக்கும். அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். ஒரே ஒரு சேஃப்டியில் முடிந்த ஆட்டம் அது. 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத மிச்சிகனின் ஓட்டம் அன்றோடு நின்றது.

அப்புறம், 'சாம்பியன்' என்ற பத்தி இருந்தால் 1901-க்கு நேரே மிச்சிகன், ஹார்வர்டு இரண்டையும் போடுங்கள். அன்று பட்டம் கொடுக்க அதிகாரபூர்வ அமைப்பு எதுவும் இல்லை. ஹார்வர்டும் தன் 12 ஆட்டத்தையும் வென்றிருந்தது. பிற்காலத்தில் பின்னோக்கிப் பார்த்துப் பட்டம் கொடுத்தவர்களில் சிலர் மிச்சிகனைத் தேர்ந்தெடுத்தார்கள், சிலர் ஹார்வர்டை.