வாசகர் கேள்விகள்: கட்டைவிரல் மையும் மேற்படிப்பும்

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்துவிட்டு, முதியோருக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். குழந்தைகள் பாதுகாப்பைப் பற்றி ஒரு பருவம் முழுவதும் படித்தோம். ஆனால், மகனிடம் அடிவாங்கும் தாயையோ வீட்டுக்குள் பூட்டி வைக்கப்படும் மனநோயாளியையோ எப்படி அணுகுவது என்று எவரும் கற்பிக்கவில்லை. இதற்கென மேற்படிப்புச் சேர விரும்புகிறேன். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?
(தேனி வாசகி ஒருவர்)

பதில்: நீங்கள் சொல்லும் குறை உண்மையானது; அது எனக்கும் நெடுநாள் வருத்தம். குழந்தை விஷயத்தில் பெரியவர்கள் முடிவெடுக்கலாம். வயது வந்தவரிடம் அந்த உரிமை நமக்கு இல்லை என்பதால், அவரைக் காப்பாற்றும் வேலை அவருடைய சம்மதத்தைக் கேட்பதில்தான் தொடங்குகிறது. அந்தச் சம்மதத்தைக் கேட்கவும் எடைபோடவும் கற்றுத் தருகிறதா என்பதையே எந்தப் படிப்பிலும் முதலில் பாருங்கள்.

மாணவர்களுடன் ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தபோது, திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம் நாங்கள் கேட்டதற்கெல்லாம் நிலைப்படியில் நின்ற மகனே பதில் சொன்னார். அம்மாவின் இடது கட்டைவிரலில் மை இன்னும் காயாத நிறத்தில் இருந்ததை ஒரு மாணவி கவனித்து, ஆதார் அட்டையைப் பார்க்க வேண்டும் என்று மகனை உள்ளே அனுப்பினாள். அந்த இரண்டு நிமிடத்தில் மூதாட்டி சொன்னது இதுதான்: "பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது தாயீ. ஆனா அவன் மேல கேசு கீசுன்னு போட்டுறாதீங்க."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் நின்று என்ன செய்வது என்பதுதான் பாடம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனை வைத்து எழுதித் தந்த சொத்தை, பராமரிக்காதபோது தீர்ப்பாயம் ரத்துசெய்ய வழி தருகிறது. எனவே பத்திரத்தின் நகலை வாங்கி, அந்த நிபந்தனை அதில் இருக்கிறதா என்று வாசித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் இத்தீர்ப்பாயத்தை வருவாய்க் கோட்டாட்சியர் நடத்துகிறார். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிடலாம். தம்மால் இயலாத முதியவர் சார்பில் ஒரு தொண்டு நிறுவனம் மனுச் செய்வதற்குக்கூட அவருடைய அங்கீகாரம் தேவை. ஆகவே, அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே தேதியிட்டு எழுதிவைத்து, மகன் இல்லாத வேளையில் மீண்டும் சென்று பேசுவதே அடுத்த வேலை. மறுமுறையும் அவர் மறுத்தால், அதையும் எழுதி வையுங்கள். செல்வதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

மனநோயாளிகளின் நிலை இன்னும் கடுமையானது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் நடந்த தீ விபத்தில் 28 பேர் மாண்டதற்குக் காரணம், அவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள் என்பதே. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. ஒருவர் எடுக்கும் முடிவு பிறருக்குத் தவறாகத் தெரிகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ளக்கூடாது என்றும் அதன் 4-ஆம் பிரிவு கூறுகிறது. நான் இந்த வரியை வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லச் சொல்வேன். உடல், மனக் குறைபாடு உள்ளவர் கொடுமைக்கு ஆளாகும்போது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 7-ஆம் பிரிவின்படி எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம்.

கல்லூரியின் பெயரைவிடக் களப்பணி ஏற்பாட்டை விசாரியுங்கள். கோட்டாட்சியர் அலுவலக விசாரணையில் மாணவர்கள் அமர்கிறார்களா, வாரந்தோறும் ஒரு மூத்த பணியாளர் அவர்களின் குறிப்பேட்டை உட்கார்ந்து படிக்கிறாரா என்று, அங்கே இப்போது படிப்பவர்களிடமே கேளுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் வயது வந்தோர் பாதுகாப்புத் துறையில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது என்கிறார்கள். அங்கே படித்தது இங்கே உதவுமா?
(திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: அங்கத்திய சட்டம் இங்கே உதவாது; சம்மதம் கேட்டு, எடைபோட்டு, எழுதிவைக்கும் பழக்கம் உதவும். அங்கே 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், 42-ஆம் பிரிவில், துன்புறுத்தலுக்கு ஆளாகக்கூடிய வயது வந்தவரைப் பற்றி விசாரிக்கும் கடமையை உள்ளாட்சி அமைப்பின்மீதே வைத்திருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரே பொறுப்பாளர் இல்லாததால், சமூகநல அலுவலர், காவல் நிலையம், கோட்டாட்சியர் என மூன்று வாசல்களிலும் ஏற வேண்டியிருக்கும். கடன் வாங்கிக் கடல் தாண்டுவதற்கு முன், 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் என்னென்ன புகார்கள் வருகின்றன, அவை எங்கே அனுப்பப்படுகின்றன என்பதை உங்கள் மாவட்டத்தில் கேட்டறியுங்கள்.