அலாய் ரிம் பெண்டு: தட்டி எடுக்கலாமா, மாற்றணுமா?

செங்கல்பட்டு வாசகர் ஒருவரின் கேள்வி: மூன்றரை வருடம் ஓடிய கார், மழையில் பள்ளம் தெரியாமல் இறங்கியதில் முன் இடது அலாய் வீலின் உள்விளிம்பு மடங்கிவிட்டது. 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது, அடிக்கடி காற்று இறங்குகிறது. டயர் கடைக்காரர் சூடு காட்டித் தட்டி எடுக்கலாம் என்கிறார், ஷோரூமில் புதுசுதான் என்கிறார்கள். என்ன செய்வது?

இரண்டு பேருமே டயரைக் கழற்றிப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். பெண்டு எவ்வளவு என்பதை விட விரிசல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். டயரைக் கழற்றி, ரிம்மை நன்றாகக் கழுவி, விளிம்பைச் சுற்றி உள்பக்கமும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்துவிட்டு மேலே வெள்ளை ஸ்பிரே அடிப்பார்கள், விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். இருந்தால் அந்த ரிம்மை மறந்துவிடுங்கள். ஆர்கான் வெல்டிங் வைத்து மேலே பெயின்ட் அடித்துப் பளபளவென்று தருவார்கள், வாங்காதீர்கள்.

விரிசல் இல்லை, மடிந்தது உள்விளிம்பு மட்டும்தான் என்றால் தாராளமாகச் சரிசெய்யலாம். அந்தப் பக்கத்தைத் தாங்க ஸ்போக் கிடையாது, அதனால்தான் முதலில் அங்கே மடிகிறது. ஆனால் கேஸ் விளக்கை வைத்துக் கண்மண் தெரியாமல் சூடாக்கிச் சம்மட்டியால் அடிக்கும் கடை வேண்டாம். அலாய் வீல் என்பது அலுமினிய வார்ப்பு, அளவான சூட்டில் பதப்படுத்தி உறுதியேற்றியது, அளவு மீறினால் அந்த உறுதி போய்விடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஹைட்ராலிக் மிஷினில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி எடுக்கிற கடையாகப் பாருங்கள். முடிந்ததும் டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஆட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. காட்ட மாட்டேன் என்றால் வேறு கடை.

எனக்கு ஆத்திரம் வருவது ட்யூப் விஷயத்தில்தான். காற்று நிற்கவில்லை என்று போனால் டியூப்லெஸ் டயருக்குள் ஒரு ட்யூபைத் திணித்து அனுப்பிவிடுகிறார்கள். கசிவு நின்றதும் நீங்களும் நிம்மதியாக நெடுஞ்சாலையில் 100-இல் போவீர்கள், உள்ளே விரிசல் வளர்ந்துகொண்டிருக்கும், ட்யூபும் உரசிச் சூடாகிக்கொண்டிருக்கும், அது கிழிந்தால் டியூப்லெஸ் மாதிரி மெதுவாக இறங்காது, ஒரே மூச்சில் போய்விடும். பேலன்சிங்கும் இதே கதைதான், கோணலான ரிம்மில் எத்தனை வெயிட் ஒட்டினாலும் அது கோணலாகத்தான் சுற்றும். அலைன்மென்ட், நைட்ரஜன் என்று பில்லில் ஏறுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

சாதா இரும்பு ரிம்முக்கு இந்தக் கெடுபிடி கிடையாது. அது வளையும், சட்டென்று உடையாது, பழக்கப்பட்ட கை தட்டி எடுத்தால் போதும். பிளாஸ்டிக் வீல் கேப்பைப் பார்த்துவிட்டு அலாய் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர், கேப்பைக் கழற்றிவிட்டு ரிம்மில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலாய். உங்கள் காரிலேயே நாலு சக்கரம் அலாயாகவும் ஸ்டெப்னி இரும்பாகவும் இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதற்குச் சொல்வது இதற்குப் பொருந்தாது. இரும்பாகவே இருந்தாலும் நட்டு போல்ட்டு மாட்டும் இடம் வளைந்திருந்தால் தட்ட வேண்டாம்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய ரிம் வாங்கலாமா என்றால், வாங்கலாம், அளவும் போல்ட் ஓட்டைகளின் இடைவெளியும் ஆஃப்செட்டும் (போல்ட் மாட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு) உங்கள் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். புதிதாக பெயின்ட் அடித்ததை எடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸ் இருக்கே என்பீர்கள். சாதாரண பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் ஒன்றும் கிடையாது, காரும் சேர்ந்து அடிபட்டால்தான் பாதி தருவார்கள். பள்ளம் என்ன, டயரோடு பம்பரையும் சேர்த்தா இடிக்கும்? ரிம் உலோகம் என்பதால் கணக்கு வேறு. 8,000 ரூபாய் ரிம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கார் வயதுக்கு 25 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், 1500 சிசிக்குள் என்றால் கட்டாயமாக இன்னொரு 1,000 கழியும், கைக்கு வருவது 5,000. இதுவரை கிளெய்மே போடாதவர் என்றால் அடுத்த புதுப்பிப்பில் 45 சதவீதம் கிடைக்க வேண்டிய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்கான பிரீமியத் தள்ளுபடி) அதோடு போச்சு. பெரும்பாலும் கைக்காசு போடுவதே லாபம். இல்லை, கிளெய்ம்தான் போடப்போகிறேன் என்றால் ரிம்மில் கை வைப்பதற்கு முன்பே போட்டோ எடுத்து கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள், நிமிர்த்திய பிறகு சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.