ஆயாவின் முகத்துக்கு முன்னால் பரேஹாவின் முகம்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். என் ஆயாவின் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்ட ஆசை. பழகுவதற்காக ஓர் ஐரோப்பியப் பெண்ணின் உருவப்படத்தைப் பார்த்து வரைந்தேன், ஓரளவு வந்தது. ஆனால் ஆயாவின் முகம் மட்டும் சாம்பல் பூசியதுபோல ஆகிவிடுகிறது. எந்த ஓவியத்தைப் பார்த்து, எப்படிப் பழகலாம்?

பதில்: பார்த்து வரைவது நல்ல வழிதான், படத்தை மாற்றுங்கள். வெளுத்த தோலுக்குப் பழகிய கை, நம் தோலில் வெளிச்சத்துக்கு வெறும் வெள்ளையையும் நிழலுக்கு வெறும் கறுப்பையும் கலக்கிறது. சாம்பல் அங்கிருந்துதான் வருகிறது.

ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கஸ் 1650-இல் ரோமில் தீட்டிய யுவான் தெ பரேஹாவின் உருவப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரேஹா அவரிடம் அடிமையாக இருந்த உதவியாளர். அதே ஆண்டு விடுதலைப் பத்திரம் பெற்று, பிறகு தாமே ஓவியராக விளங்கியவர். பழுப்பு நிற முகத்தில் வெளிச்சம் எப்படி நிற்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எனக்குத் தெரிந்து அரிது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தலை மட்டும் போதும், உடையை விட்டுவிடுங்கள்.

போன் திரையைப் பார்த்து வரையாதீர்கள். திரை தானே ஒளிவிடும், வண்ணத்தால் அதை எட்ட முடியாது. பளபளப்பு இல்லாத மங்கல் தாளில் கலரில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று அச்செடுங்கள். இன்னொன்று: வடக்கு ஜன்னல் ஓரம் உட்காரச் சொல்லும் புத்தகங்கள் ஐரோப்பாவுக்கு எழுதப்பட்டவை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே, தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு வெயில் வடக்கிலிருந்து வருகிறது. நாள் முழுக்கச் சீரான வெளிச்சம் வேண்டுமென்றால் தெற்கு ஜன்னல்தான்.

முதலில் கறுப்பு வெள்ளை அச்சைப் பார்த்து, பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பும் வெள்ளையும் மட்டும் கொண்டு முகத்தை முழுதாக முடியுங்கள். இதில் அவசரம் கூடாது, பாதிப் பாடம் இங்கேதான். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், சிறு விவரங்கள் மறைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும். நிழலின் விளிம்பு எங்கே கூர்மை, எங்கே கரைகிறது என்று பாருங்கள். மூக்கும் வாயும் கோணலாகத் தோன்றினால் அச்சையும் கேன்வாஸையும் தலைகீழாக வைத்து ஒப்பிடுங்கள். கட்டம் போட்டு நகலெடுப்பதை நான் விரும்புவதில்லை. சாயல் வந்துவிடும், கண் பழகாது.

அது காய்ந்தபின் வண்ணம். வெள்ளை, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் சிவப்பு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர், கொஞ்சம் ஐவரி கறுப்பு போதும். வெளிச்சப் பகுதிக்கு முதலில் ஆக்கரும் சிவப்பும், வெள்ளை கடைசியில், துளியாக. நிழலுக்கு அம்பரும் சியன்னாவும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் பளிச்சிடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் குளிர்ந்த, அதாவது லேசான நீலச் சாயல் கொண்ட, வெள்ளையைத் துணிந்து வையுங்கள்.

கீழடுக்கில் டர்பன்டைன் (வண்ணத்தை நீர்க்கச் செய்யும் திரவம்) அதிகம், மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெய் அதிகம். மாற்றிச் செய்தால் மேல் அடுக்கு முந்திக் காய்ந்து பின்னால் வெடிக்கும். டர்பன் கோடையின் ஈரக்காற்றில் வண்ணம் மெதுவாகத்தான் காயும், தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போங்கள்.

அப்புறம் ஆயா. ஃபிளாஷ் அடித்த போட்டோவில் நிழலே இருக்காது, அது வேண்டாம். முடிந்தால் அவரையே அந்தத் தெற்கு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். எண்ணெய் துடைத்த துணிகளை மட்டும் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்து உலரவிட்ட பிறகே எறியுங்கள்.