போட்டோவுக்குள் என்ன எழுதியிருக்கிறது? எக்ஸிஃப்டூல் கேள்வி பதில்

கேள்வி: உபுண்டு லினக்ஸில் எக்ஸிஃப்டூல் நிறுவப் போனால் 'லிப்இமேஜ்-எக்ஸிஃப்டூல்-பெர்ல்' என்று ஏதோ வருகிறது. அதுதானா?

அதேதான். போட்டோ கோப்புக்குள் ஒளிந்திருக்கும் தேதி, கேமரா, இடம் போன்ற குறிப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் கருவி. ஃபில் ஹார்வி 2003இல் பெர்ல் என்ற நிரல்மொழியில் வெளியிட்டது என்பதால் அந்த நீளப் பெயர். டெர்மினலில் எக்ஸிஃப்டூல் என்று அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும்.

கேள்வி: இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியின் ஐடென்டிஃபை கட்டளை என்னிடம் இருக்கிறதே, போதாதா?

அளவும் வடிவமும் பார்க்கப் போதும். விவரமாகக் கேட்டால் அது படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் படித்து நிறக் கணக்குப் போட்டுத் திரையை நிரப்பும். ஆயிரம் படத்துக்கு ஓட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

கேள்வி: போன வருடத் திருமணப் போட்டோக்களை பென்டிரைவில் நகலெடுத்தேன். எல்லாவற்றிலும் இன்றைய தேதி. அழிந்துவிட்டதா?

அழியவில்லை, நீங்கள் தப்பான வரியைப் பார்க்கிறீர்கள். எக்ஸிஃப்டூல் கட்டளையோடு ஹைஃபனும் பெரிய 'ஜி'யும் 1ம் (-G1) சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று முன்னால் காட்டும். 'சிஸ்டம்' என்று வருவது உங்கள் வட்டு சொல்லும் தேதி, நகலெடுத்தாலே மாறக்கூடியது. கேமரா படத்துக்குள் எழுதும் குறிப்புக்குப் பெயர் எக்ஸிஃப். 'எக்ஸிஃப்ஐஎஃப்டி' (ExifIFD) என்று வரும் பகுதியில் உள்ள டேட்டைம்ஒரிஜினல்தான் கேமரா எழுதிய தேதி. அதுவும் கேமராவின் கடிகாரம் சொன்ன நேரம்தான். எந்த நாட்டு நேரம் என்று குறிக்கும் இடமே 2016இல் வந்த எக்ஸிஃப் தரத்தின் 2.31ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. சிங்கப்பூர் நேரத்தில் விட்டுவைத்த கேமரா என்றால் முகூர்த்தம் இரண்டரை மணி நேரம் தள்ளித்தான் நடந்திருக்கும்!

கேள்வி: பழைய நிக்கான் வாங்கப்போகிறேன். விற்பவர் 'கொஞ்சம்தான் எடுத்தேன்' என்கிறார்.

கேமராவிலிருந்து நேராக எடுத்த ஒரு ஜேபெக் கேளுங்கள். நிக்கான் பெரும்பாலும் ஷட்டர்கவுண்ட்டை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற எண்ணிக்கையை, கேமரா நிறுவனம் தனக்கென வைத்திருக்கும் மேக்கர்நோட்ஸ் பகுதியில் எழுதிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கேனானில் பெரும்பாலும் இந்த வழி பலிக்காது.

கேள்வி: வீட்டு முகவரி தெரியாமல் படத்தைப் போட வேண்டும். எல்லாவற்றையும் துடைத்துவிடலாமா?

பயம் நியாயமானதுதான். 2012இல் தலைமறைவாக இருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்கஃபி குவாத்தமாலாவில் இருப்பதை, ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்தின் ஜிபிஎஸ் எண்களே காட்டிக்கொடுத்தன. ஆனால் 'ஆல்' என்பதற்குச் சமக்குறி போட்டு (-all=) மொத்தமாகத் துடைத்தால், எந்தப் பக்கம் நிமிர்ந்தது என்ற குறிப்பும் நிற விவரமும் போய், படம் சாய்ந்து படுத்துக்கொள்ளலாம். 'ஜிபிஎஸ்:ஆல்' மட்டும் (-gps:all=) காலி செய்யுங்கள். அப்புறம் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள், எடிட்டிங் மென்பொருள் எக்ஸ்எம்பி என்ற இன்னொரு குறிப்புப் பகுதியில் ஒரு பிரதி வைத்திருக்கலாம். இன்னொன்று: துடைத்ததும் அதே ஃபோல்டரில் பழைய கோப்பு பெயரின் கடைசியில் 'ஒரிஜினல்' என்ற ஒட்டோடு பத்திரமாக இருக்கும். ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து அனுப்பினால், முகவரியும் கூடவே போகும்.