வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர்

அன்புள்ள அக்கா,

எங்கள் ஊர் வேதாளைக்குப் பக்கம். சங்கு குளிக்கப் போன பெரியப்பா கடலிலேயே இறந்து ஏழு வருஷம் ஆகிறது. மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. அற்பாயுசில் போனவன் பேயாகத்தான் அலைவான் என்று அப்பத்தா இன்றும் அந்தியில் வாசலில் ஒரு சொம்பு தண்ணீர் வைக்கிறார். நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டுவிட்டேன். பகுத்தறிவு மதம் என்று நம்பி பௌத்தம் படித்தால் அங்கேயும் அசுரர், பேய், தேவலோகம். ஆன்மாவும் இல்லை என்கிறார்கள். அப்புறம் யார்தான் மறுபடி பிறப்பது?

ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

அன்புள்ள தம்பி,

கேட்டிருப்பது பௌத்தத்தைப் பற்றி. ஆனால் உங்கள் மனசு அந்தச் சொம்பில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் அசுரன். புத்தரின் உரைகளைத் தொகுத்த அங்குத்தர நிகாயம் என்ற நூலில் பகாராதன் என்ற அசுரத் தலைவன் புத்தரைப் பார்க்க வருகிறான். புத்தர் அவனை விரட்டவில்லை, அடக்கவுமில்லை. அசுரர்களுக்குக் கடல் பிடித்திருக்கிறதா என்று விசாரிக்கிறார். பிடித்திருக்கிறது என்று அவன் எட்டுக் காரணம் அடுக்குகிறான். ஆழம் படிப்படியாகக் கூடுகிறது, எங்கே எடுத்தாலும் ஒரே உப்புச் சுவை, உள்ளே முத்தும் சங்கும் பவளமும் கிடக்கின்றன. அதில் ஒன்று, கடல் பிணத்தை வைத்துக்கொள்ளாது, கரையில் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்பது.

அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது. சின்ன வயதில் கீழக்கரைப் பக்கம் ஒரு கரையில் இப்படிக் காத்திருந்த ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். மடியில் புது வேட்டி, ஒட்டியிருந்த லேபிள்கூடக் கிழிக்கவில்லை. “கடல் வச்சுக்காது, குடுத்துரும்” என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நம் கரையில் ஆறுதலாகச் சொல்லும் அதே சொல்லை அந்த நூலில் ஓர் அசுரன் சொல்கிறான். அசுரன் என்றாலே கொடியவன் என்று நாம் பழகியிருக்கிறோம். அங்கே அவன் கடலை நேசிக்கிறவன், கேள்வி கேட்டுப் பதிலும் பெறுகிறவன். கடலுக்கு உப்பு ஒன்றே சுவை, இந்த அறத்துக்கு விடுதலை ஒன்றே சுவை என்று புத்தர் அவனிடம்தான் சொல்கிறார்.

தேரவாதம் என்ற பழைய பௌத்தப் பிரிவின் கணக்கில் உயிர்கள் பிறக்கும் தளங்கள் 31. எதுவும் நிரந்தரம் இல்லை. முப்பத்து மூவர் வாழும் தேவலோகத்தில் ஒரு நாள் நமக்கு 100 வருஷம். அந்தக் கணக்கில் அவர்கள் ஆயுள் 1000 வருஷம், அதாவது நமக்கு 3 கோடியே 60 லட்சம் வருஷம். அதுவும் ஒரு நாள் தீரும். இந்திரனுக்கும் சாவு உண்டு. நரகத்துக்கும் முடிவு உண்டு. ஆசை காட்டிச் சோதிக்கிற மாரன் நரகத்தில் இல்லை, காமலோகம் எனும் ஆசை உலகத்தின் ஆறு சொர்க்கங்களில் ஆக மேலே இருப்பதில் குடியிருக்கிறான் என்கிறது மரபு. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. மேலே இருப்பதாலேயே ஒருவன் நல்லவன் ஆகிவிடுவதில்லை.

யார் பிறக்கிறார் என்ற கேள்விக்கு நாகசேனர் என்ற பௌத்தத் துறவி மிலிந்தன் என்ற கிரேக்க மன்னனிடம் சொன்ன உவமை போதும். ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றுகிறோம். எதுவும் இங்கிருந்து அங்கே நடந்து போகவில்லை. ஆனாலும் இது இல்லாமல் அது எரியாது.

சரி, பெரியப்பா. பேயாக அலைகிறவரை, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் பேதர் என்பார்கள். போனவர் என்பதுதான் சொல்லின் பொருள். கடலில் மூழ்கியதால் மட்டும் ஒருவர் பேதர் ஆவதில்லை. கொடுக்காத கையும் அடங்காத ஆசையும் அந்தப் பிறவிக்குக் காரணம் என்கின்றன நூல்கள். சங்கு எடுத்துக் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றியவரை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. இதை அப்பத்தாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் சண்டை போட்டது தப்பு தம்பி. திரோகுட்ட சூத்திரம் என்று ஒரு சின்னப் பாட்டு உண்டு. போனவர்கள் தங்கள் பழைய வீட்டுக்கே வந்து சுவருக்கு வெளியே, நிலைக்கதவுப் பக்கம் நிற்கிறார்கள் என்கிறது. அவர்கள் இருக்கும் இடத்தில் உழவு இல்லை, மாடு இல்லை, வாங்கல் விற்கல் இல்லை. இங்கிருந்து கொடுப்பதே அவர்களுக்குச் சாப்பாடு. இதற்கு உரைகாரர்கள் சொல்லும் கதையில் மகத மன்னன் பிம்பிசாரன் புத்தருக்கு விருந்து வைக்கிறான், இறந்த சொந்தக்காரர்களை நினைக்க மறந்துவிடுகிறான். இரவெல்லாம் அரண்மனையில் அழுகைச் சத்தம். மறுநாள் புத்தருக்கு மறுபடி தானம் கொடுத்து, அவர்களுக்காக என்று சொல்லித் தண்ணீரைத் தாரை வார்க்கிறான். அந்தத் தண்ணீர் அவர்களுக்குத் தாமரைக் குளங்களாகிறது. குளிக்கிறார்கள், குடிக்கிறார்கள், தாகம் தீர்கிறது.

தண்ணீரை அவர்கள் நேராக வந்து எடுத்துக்கொள்வதாக இந்த நூல்கள் சொல்லவில்லை. அவர்கள் பேரைச் சொல்லி இன்னொருவருக்குக் கொடுப்பதுதான் போய்ச் சேர்கிறது. அதனால் சொம்பு வாசலில் இருக்கட்டும். கடல்பாசி எடுத்துவிட்டு வெயிலில் கரையேறும் பெண்கள் போகும் வழியில் ஒரு மண்பானையும் வையுங்கள். முதல் நாள் அப்பத்தா கையால் ஊற்றச் சொல்லுங்கள், பெரியப்பா பேரைச் சொல்லி.

அன்புடன்,
அக்கா