பின்குறிப்பில் இருக்கிறது உங்கள் ஆராய்ச்சி

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வாரம் 22 மணி நேரம் வகுப்பு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பெண்ணுக்கு வெளி நிதி வேண்டும் என்று முதல்வர் நெருக்குகிறார். நானோ துகள்கள் பற்றி இரண்டு முறை விண்ணப்பித்தேன், இரண்டு முறையும் ‘புதுமை போதாது’ என்று திரும்பிவிட்டது. ஐஐடிக்காரர்களோடு எங்களால் போட்டி போட முடியுமா? பின்குறிப்பு: அப்பா அந்தியூரில் மஞ்சள் போடுகிறார். ஒரே தோட்டத்து மஞ்சள்தான், ஆனால் கொப்பரையில் வேகவைத்ததற்கு ஒரு விலை, நீராவியில் வேகவைத்ததற்கு ஒரு விலை என்று புலம்புகிறார். அறுவடை நேரத்தில் நானும் கூடமாட நிற்பதால் எழுத நேரம் கிடைப்பதில்லை.

பதில்: அம்மிணி, எழுத நேரம் இல்லை என்று சொல்லும் இடத்திலேயே எழுத வேண்டியதை எழுதிவிட்டீர்கள். நானோ துகளில் நீங்கள் போட்டி போட வேண்டியது பல கோடி ரூபாய் கருவிகள் வைத்திருப்பவர்களோடு. மஞ்சள் வேகும் கொப்பரை பக்கத்தில் நின்று நுரை பொங்குவதையும் வெள்ளைப் புகை வாசத்தோடு வருவதையும் பார்த்து ‘இறக்கலாம்’ என்று சொல்லத் தெரிந்த வேதியியல் ஆசிரியர் எத்தனை பேர் இருப்பார்கள்? வெந்தது கூடினால் நிறம் கெடும், குறைந்தால் காய்ந்த பிறகு நொறுங்கும். இது உங்கள் அப்பாவுக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். மார்க்கெட்டில் வியாபாரி விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்த்து விலை சொல்கிறாரே, அந்த நிறத்துக்கும் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் அளவுக்கும் என்ன உறவு, வேகும் நேரம் அதை எவ்வளவு மாற்றுகிறது, நீராவியில் அது எப்படி வேறுபடுகிறது என்று எண்ணில் காட்டுவது உங்கள் வேலை. மஞ்சளை வேகவைப்பது பற்றி ஏற்கெனவே நிறைய கட்டுரைகள் உண்டு, அதை மறைக்காமல் எழுதுங்கள். அவற்றில் உங்கள் பகுதி ரகமும் சந்தையின் ஒடித்துப் பார்க்கும் கணக்கும் சேர்ந்து வருகிறதா என்று தேடுங்கள். அங்கே இடைவெளி தெரிந்தால் அதுதான் விண்ணப்பத்தை மதிப்பிடும் நிபுணர் கேட்கும் புதுமை. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கருவி. குர்குமினைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி வாங்கப் பணம் கேட்காதீர்கள். இயக்க ஆள் உண்டா, பழுது பார்க்கப் பணம் எங்கே என்றுதான் படிப்பவர் முதலில் யோசிப்பார். மாதிரிக்கு இவ்வளவு என்று சோதனைக் கட்டணம் போட்டு, கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ கட்டணம் வாங்கும் ஆய்வகத்திலோ செய்வதாக எழுதுங்கள். கோழிக்கோட்டில் இருக்கும் இந்திய நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையம் பிரதிபா, பிரகதி போன்ற மஞ்சள் ரகங்களை வெளியிட்ட இடம். அங்கே ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்க்க முடிந்தால் விண்ணப்பத்தின் எடையே வேறு.

எங்கே அனுப்புவது? ஆராய்ச்சிக்கு நிதி தந்த மத்திய அரசின் பழைய செர்ப் (SERB) இப்போது ஏஎன்ஆர்எஃப்பில் (ANRF) கலந்துவிட்டது, இது 2023 சட்டப்படி வந்த அமைப்பு, அங்கே வரும் அறிவிப்புகளைப் பாருங்கள். கல்லூரி ஆசிரியர்கள் பெரிய அரசு நிறுவனத்தில் பகுதிநேரமாகப் போய் ஆராய்ச்சி செய்ய ‘டேர்’ (TARE) என்று ஒரு திட்டத்தையும் செர்ப் நடத்தி வந்தது. உங்களைப் போன்றவர்களை நினைத்தே போட்ட திட்டம் அது, அடுத்த அறிவிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். ஆனால் முதலில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்டத்துக்கு உங்கள் இறுதியாண்டுப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். தொகை சின்னதுதான். இருந்தாலும் அதில் கிடைக்கும் பத்து மாதிரிகளின் எண்கள் பெரிய விண்ணப்பத்தில் முன்னோட்டத் தரவாக உட்காரும், அது இல்லாமல் அனுப்புவது வெறும் ஆசையை அனுப்புவதுதான்.

ஆராய்ச்சி உதவியாளர் சம்பளத்தைக் குறைத்துப் போட்டால் நிதி சுலபமாகக் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். மத்திய அரசுத் திட்டங்களில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆராய்ச்சியாளருக்கான தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. என் முதல் திட்டத்தில் வந்த பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைக் கல்லூரி அலுவலகம் மேசையிலேயே வைத்திருந்ததால் இரண்டாம் ஆண்டுத் தவணை தள்ளிப்போனது. என்னிடம் சேர்ந்திருந்த பையன் ஐந்து மாதம் சம்பளமில்லாமல் பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனான், சாயங்காலம் டியூஷன் எடுத்துச் சமாளித்தான். இன்னும் எனக்கு அது ஆறவில்லை. அதனால் அந்தச் சான்றிதழுக்கான 12-ஏ படிவம் எங்கே இருக்கிறது, யார் கையெழுத்து போட வேண்டும், தணிக்கையாளர் எப்போது வருவார் என்பதை மார்ச் வரும் வரை விடாமல் நீங்களே விசாரித்துக்கொண்டிருங்கள்.

முதல்வர் விஷயம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறை. விண்ணப்பத்தோடு நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதம் பெரும்பாலும் கேட்பார்கள். அந்தக் கையெழுத்துக்குப் போகும் நாளில், திட்டம் கிடைத்தால் இத்தனை மணி நேரம் குறைக்கப்படும் என்று எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல் போதாது. நிதி வேண்டும் என்பவர் அவர்தானே, சங்கடப்பட வேண்டாம்.

ஐஐடி பற்றிக் கேட்டீர்கள். அவர்களும் திருப்பி அனுப்பப்படுகிறார்கள், திரும்ப எழுதுகிறார்கள்.

இந்த மாசியில் அப்பா கொப்பரை ஏற்றும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நாலு விரலியை எடுத்துத் தனித்தனியாகக் கட்டி, நேரத்தை எழுதி, களத்தில் காயப்போடுங்கள். காய்ந்த பிறகு எதை எந்த விலைக்கு எடுப்பார்கள் என்று அப்பாவையே ஒடித்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.