கேள்வி பதில்: வீட்டு முற்றமும் தோட்டமும் (குமரி மாவட்டம்)

மார்த்தாண்டம்: அண்ணாச்சி, 8 சென்ட். வீடு 3 சென்ட் போக மிச்சம் காலி. ரோட்டைவிட பின்பக்கம் மூணடி தாழ்வு. எதுல இருந்து தொடங்க?

பதில்: செடியை விடுங்க, தண்ணியில இருந்து தொடங்குங்க. நல்ல மழை பெய்யும்போது குடையோட இறங்கி, தண்ணி எங்க நுழையுது, எங்க தேங்குது, எந்த வழியா வெளியே போகுதுன்னு பாத்து கம்பு நட்டு வையுங்க. நமக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை. ரெண்டையும் பாத்த பிறகு பேப்பர்ல கோடு போடலாம்.

மூணடியையும் மண்ணடிச்சு நிரப்பாதீங்க. புது மண் மழைக்கு மழை அமுங்கும், மேல போட்ட தரை வெடிக்கும், தண்ணி பக்கத்து விளைக்குப் பாயும். ஒன்றரை அடி வீதம் ரெண்டு தட்டாப் பிரிச்சு, நடுவுல சாந்து இல்லாம கல் அடுக்கின கையாலை கட்டுங்க. மேல போகப் போக மூணு இஞ்சு உள்வாங்கி சாயணும். பின்னால அரையடி அகலத்துக்கு ஒன்றரை இஞ்சு சைஸ் சல்லி. சிமென்ட்ல கட்டினா அஞ்சடிக்கு ஒரு ரெண்டிஞ்சு பைப் வையுங்க. இல்லேன்னா பின்னால தேங்குற தண்ணியே சுவரைத் தள்ளிரும்.

கூரைத் தண்ணிக்கும் கணக்கு உண்டு. 1000 சதுர அடி கூரையில 1 செ.மீ. மழை விழுந்தா கிட்டத்தட்ட 900 லிட்டர். அதை மண்ணுல இறக்க வெட்டுற மூணுக்கு மூணு, அஞ்சடி ஆழக் குழி சும்மா 1,270 லிட்டர் கொள்ளும். அதுலயே சல்லியை ரொப்பினா 500 லிட்டர்தான், மிச்ச இடத்தைக் கல்லே எடுத்துக்கும். உறை இறக்கி, ஸ்லாப் மூடி, உள்ள காலியா விடுங்க. அஸ்திவாரத்துல இருந்து பத்தடி தள்ளி. வெட்டின மண்ணை வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிக்காதீங்க, சிதல் (கரையான்) ஏறும்.

குளச்சல்: கடற்கரையில இருந்து 200 மீட்டர். மாங்கன்னு மூணு தடவையும் கருகிப் போச்சு.

பதில்: உப்புக்காத்து. கடல் பக்கம் முதல் வரிசையில புன்னை, பூவரசு. அதுக்குப் பின்னால தென்னை, சப்போட்டா. மாமரம் வேணும்னா வீட்டுக்க மறைவுல மட்டும். உயரமா மதில் கட்டினா காத்து மேல ஏறி உள்ள சுழண்டு விழும். பாதிக் காத்தை விட்டுப் பாதியைத் தடுக்குற உயிர்வேலிதான் நல்லது. மணல்ல ஈரம் நிக்க, குழிக்க அடியில தேங்காய்க் கதம்பையை, அதாவது உரிச்ச மட்டையை, குழிவு மேல பாத்த மாதிரி ரெண்டு அடுக்கு வச்சு மண் போடுங்க. சின்னக் கன்னுக்குக் காத்து பலமா அடிச்ச மறுநாள் காலையில இலையைக் கழுவி விடணும். அரளியும் உப்பு தாங்கும், ஆனா விஷம். குழந்தையோ ஆடோ இருக்குற வீட்டுல வேண்டாம்.

தக்கலை: 5 சென்ட் வீட்டுக்கு என்ன மரம் வைக்கலாம்?

பதில்: ஒரு தென்னை, சுவர்ல இருந்து 15 அடி தள்ளி. ஒரு முருங்கை, ஒரு கொய்யா, ஒரு கறிவேப்பிலை. தண்ணி வெளியேறுற மூலையில நாலு மட்டி வாழை. அயினி, பலா, தேக்கு மாதிரிப் பெரிய மரமெல்லாம் 5 சென்ட்டுக்கு இல்ல.

நாகர்கோவில்: முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் போட்டா கொள்ளாமா?

பதில்: முழுக்க வேண்டாம், மழைத் தண்ணி கீழ இறங்காது. கார் நிக்க 10-க்கு 18 அடி, நடக்க மூணடிப் பாதை, மிச்சம் மண். காருக்கு 60 மி.மீ. கல் போதும். கீழ அரையடி இறுகின சல்லி, அதுக்கு மேல ஒரு இஞ்சு பாறைப்பொடி. பத்தடிக்கு ரெண்டரை இஞ்சு சரிவு, வீட்டை விட்டு வெளியே. ஓரத்துல கான்கிரீட் கட்டு இல்லேன்னா முதல் மழையிலேயே கல் விலகும்.

திங்கள்நகர் (இன்டர்லாக் வேலை செய்கிறவர்): கல்லிடுக்குல தண்ணி இறங்கும். எதுக்கு ஆளுகளை பயமுறுத்துறீங்க?

பதில்: இடுக்கு மூணு மி.மீ. அதுல பொடியைத் தூவுறீங்க. ஒரு மழைக்காலத்துல பாசியும் சேறும் அடைச்சிரும். கீழ இறுகின பொடி வேற. தண்ணி எங்க இறங்கும்?

திங்கள்நகர்: அப்ப தண்ணி இறங்குற மாதிரி போடவே முடியாதா?

பதில்: முடியும், அது வேற வேலை. அடியில 40 மி.மீ. சல்லி எட்டு இஞ்சு, மேல 20 மி.மீ. நாலு இஞ்சு, அதுக்கு மேல 6 மி.மீ. கல் சிப்ஸ் ஒன்றரை இஞ்சு. கல்லுக்கு நடுவுல 8 மி.மீ. இடுக்கு விட்டு, அதையும் சின்ன சிப்ஸால நிரப்பணும். பொடி ஒரு சட்டி விழுந்தாலும் கெட்டுது. களிமண் தரைன்னா கீழ வடிகால் பைப்பும் வேணும்.

படந்தாலுமூடு: மண்ணா விட்டா பாம்பு வருமேன்னு வீட்டுல சொல்லுதாங்க.

பதில்: பாம்பு வாறது எலிக்கும் தவளைக்கும். விறகு அடுக்கு, ஓட்டுக் குவியல், மதில் ஓட்டை, இதைச் சரிபண்ணுங்க. கல் போட்ட முற்றத்துலயும் விறகு அடுக்கு இருந்தா வரும்.

திங்கள்நகர்: நீங்க சொல்லுத மாதிரி போட்டா எனக்குப் பாதி வேலைதான் கிடைக்கும்.

பதில்: கையாலை கட்டுங்க. அதுக்குத்தான் ஆளு கிடைக்கல்ல.

ஆரல்வாய்மொழி: தென்னைக்கு அடியில கொரியன் புல் பிடிக்கல்ல.

பதில்: அதுக்கு முழு வெயில் வேணும். நிழல்ல பஃபலோ புல் வையுங்க.

கருங்கல்: எல்லைக்கல் மாறிக் கிடக்கு. வேலி எங்க போட?

பதில்: சர்வேயரைக் கூப்பிட்டு அளந்த பிறகு கேளுங்க.

இரணியல்: 5 சென்ட்ல என்ன மரம் வைக்கலாம் சார்?

பதில்: தக்கலைக்காரருக்கு மேல சொல்லியாச்சு.

அருமனை: ஒட்டுக்கன்னு எங்க நம்பி வாங்கலாம்? சுவர் ஓரமா ஒரு அடி மண் உயர்த்திப் பூச்செடி வைக்கலாமா?

பதில்: கன்னுக்கு கன்னியாகுமரி அரசு பழத்தோட்டத்துல விசாரிங்க. சுவர் ஓரமா மண்ணா? சிதல்னு மேல சொன்னேன். ரெண்டடி தள்ளிப் பாத்தி கட்டுங்க, நடுவுல சல்லி பரப்புங்க.

பளுகல்: 6 சென்ட்ல என்ன மரம்?

பதில்: அஞ்சுக்குச் சொன்னதுதான். கூட ஒரு எலுமிச்சை.

குலசேகரம்: இன்டர்லாக்குக்கு எந்தக் கலர் நல்லது?

பதில்: சாம்பல். வெளிறினாலும் தெரியாது.